வலது கையில் ஓடிய மிஷின்

ஊசி குத்துவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலுக்கு இடுப்பில் போடுகிற ஊசியோடு அவர்களுக்கு உலகம் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் குத்துகிற ஊசியைப் பார்த்திருந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். கோணி ஊசியில் பாதித் தடிமன் இருக்கும். ஒவ்வொரு தரமும் இரண்டு குத்து. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வந்து டயாலிசிஸ் மிஷினில் சுத்தமாகும், இன்னொன்றின் வழியாக உடம்புக்குள் திரும்பும். ஊசி நரம்பின் நட்டநடுவில் போய் நிற்க வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் நரம்பின் அடிப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கண்ணெதிரிலேயே கை வீங்கும்.

அவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் செட்டின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். அவர் வேலை பார்த்த செட்டுதான். வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகும் முதலாளி எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வருகிற துணியை வெளிச்சத்தில் விரித்து, எங்கே ஊசி ஓட்டை விழுந்திருக்கிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இரண்டு பேருக்குமே வாழ்க்கை ஊசியோடுதான். அது உடம்புக்குள்ளும் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

பிரஷர் மாத்திரை சாப்பிடு, சாப்பிடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தலை சுற்றினால் சாப்பிடுவார், சுற்றாவிட்டால் விட்டுவிடுவார். இரண்டு சிறுநீரகமும் போன பிறகுதான் மனுசன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று போனேன். எனக்குச் சர்க்கரை இருப்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மருந்துப் பையோடு பஸ் ஏறி வந்தோம்.

டயாலிசிஸ் செய்ய வேண்டுமென்றால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். உள்ளே ஓடுகிற இரண்டு ரத்தக் குழாயை ஒட்டவைத்து, மேலே இருப்பதைப் பெரிதாக்கிவிடுவார்கள். அந்தத் தடித்த ஊசியைத் தாங்குகிற அளவுக்கு அது உப்ப வேண்டும். முதலில் இடது கையில் செய்தார்கள். அது பிடிக்கவில்லை. பிறகு வலது கை. சாப்பிடுகிற கை, ஸ்பேனர் பிடித்த கை. அந்தக் கையால் இனிமேல் எடை தூக்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, அதன் மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது. இதுவும் போனால் கழுத்தில் குழாய் வைப்பதுதான் வழி, அது ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் புரியாமல் இல்லை. அவர் உயிர் அந்த ஒரு கைக்குள் இருந்தது.

நன்றாக ஓடுகிற கை அதிரும். இது தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஏதோ விர்ரென்று ஓடுவது தெரியும். காதை வைத்தால் சத்தமே கேட்கும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றால் உடனே, அந்த நிமிசமே ஓடி வர வேண்டும் என்று டயாலிசிஸ் செய்கிற இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழ்நாள் பூராவும் மிஷின் மேல் கையை வைத்தே அதன் நோவைக் கண்டுபிடித்த ஆள். கட்டிலில் படுத்தபடியே இடது கையை வலது கை மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடுது புள்ள" என்பார். அதன் பிறகுதான் நான் டீ வைப்பேன்.

ஆரம்பத்தில் குத்தினவர்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. நரம்பு கிடைக்காமல் உள்ளே ஊசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவுவார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்ப்பார். வீட்டுக்கு வரும்போது கை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார், யாரும் பார்க்கக் கூடாதாம். எனக்கு வருகிற கோபத்துக்கு அங்கே நின்று சத்தம் போட்டுவிட்டு வருவேன். போட்டு என்ன செய்ய? அடுத்த தரமும் அவர்களிடம்தானே கையை நீட்ட வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சிஸ்டர் வந்தாள். தெற்கத்திப் பெண், திருநெல்வேலிப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் இங்கே பனியன் கம்பெனியில். கழுத்தில் ஒரு மெல்லிய சிலுவைச் சங்கிலி போட்டிருப்பாள். பேசிக்கொண்டே இருப்பாள், பேச்சு முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். "அண்ணாச்சி, கைய இறுக்காதிய, அவ்வளவுதான்" என்பாள். துழாவுகிற வேலையே கிடையாது. முதல் நாள் இவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன், என்னத்தை மறைக்க.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைராசி என்று ஒன்று இருந்தால் போதும், மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். தறி பூட்டுவதென்றாலும், புது மிஷினுக்குச் சுவிட்ச் போடுவதென்றாலும், கைராசிக்காரர் யாரென்று பார்த்துத்தான் கூப்பிடுவோம். டயாலிசிஸ் அறையிலும் அதுவே நடந்தது. குன்னத்தூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிற பெரியவர் ஒருவர் தன் முறை வந்தாலும் எழுந்து போக மாட்டார். சிஸ்டர் கை காலியாகட்டும், நான் இருக்கிறேன் என்று அடுத்த ஆளை அனுப்பிவிடுவார். ஒருத்தர் முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுப்பார், ஒருத்தர் பூ. நானும் கொடுத்தேன், வீட்டுப் பக்கத்தில் காய்த்த கொய்யா.

அவள் எப்படிக் குத்தினாள் என்று கேளுங்கள். முதல் நாள் எங்கே குத்தினாளோ அதே இரண்டு இடத்தில்தான் எப்போதும். ஒரே இடத்தில் குத்தக் குத்த அங்கே தோல் மரத்துப்போகும், நரம்பும் உப்பி மேலே வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம், தப்பவே தப்பாது. வலியும் இருக்காது. இவர்தான் அந்த இடத்தைக் காட்டுவார். அங்கேயே குத்து கண்ணு, அங்கேயே குத்து என்று கையைத் திருப்பி வைத்துக் காட்டுவார். அவள் இன்றைக்காவது கொஞ்சம் மேலே குத்துகிறேனே என்று கேட்காமல் இல்லை. இவர் கெஞ்சுவார். வயசில் பெரியவர் கெஞ்சினால் அவள்தான் என்ன செய்வாள்.

அந்த அறையில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீசியன் ஒருவர் இருந்தார், மடத்துக்குளத்துக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அவர் ஒரு நாள் இவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். குத்துகிற இரண்டு இடத்திலும் இரண்டு நெல்லிக்காய் வைத்த மாதிரி புடைத்திருந்தது.

"ஒரே எடத்துல குத்தக் கூடாதுங்ண்ணா. குத்தற எடம் ஊதிக்கும், அதுக்கு மேல சுருங்கிப் போயிரும். அப்புறம் ஒரு நாளைக்கு அடைச்சுக்குமுங்க. எடத்த மாத்தி மாத்திக் குத்தோணும்."

இவர் தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார், அது ஒரு வியாதி.

கொஞ்ச நாளில் டயாலிசிஸ் அறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. சின்ன டிவி மாதிரி ஒரு திரை, அதிலிருந்து ஒரு வயரில் கைக்கு அடக்கமாக ஒரு கட்டை. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிற ஸ்கேன்தான், அதன் தங்கச்சி. கையில் ஜெல்லைத் தடவிக் கட்டையை வைத்தால் நரம்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று தெரியும். ஊசி போவதும் திரையில் தெரியும். இனி கையால் தடவித் தேட வேண்டியதில்லை, புது இடங்களில் தைரியமாகக் குத்தலாம் என்று டெக்னீசியன் சந்தோசமாகச் சொன்னார். என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். கறுப்பாக ஒரு வட்டம். அதுதான் என் வீட்டுக்காரரின் உயிர் என்றார்கள். நான் கும்பிடாத குறை.

அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே புது இடத்தில் டெக்னீசியனே குத்தினார். ஊசி அந்தக் கறுப்பு வட்டத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளியாகப் போய் நின்றதை நானே கண்ணால் பார்த்தேன். ஒரே குத்து. துழாவல் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் இவர் அலறிவிட்டார். புதுத் தோல், மரத்துப்போகாத இடம், வலிக்கத்தானே செய்யும்? மிஷின் இடத்தைக் காட்டும், வலியை எடுக்குமா? அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு மானம் போய்விட்டது. அடுத்த தரம் போனபோது, சிஸ்டர் வருகிற வரைக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். பிரித்த தையலை அதே ஓட்டையில் திரும்பத் திரும்பத் தைத்தால் பனியன் துணி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? துணி சல்லடையாகிப் போகும், ஒரு தரம் துவைத்தால் பிளந்துகொள்ளும். அப்படி எத்தனை பீஸை ஒதுக்கிப் போட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். சதையும் துணியும் ஒன்றா, சதை ஆறிவிடும் என்றார். டெக்னீசியன் படித்துவிட்டுச் சொல்கிறார், நீங்கள் என்ன பெரிய டாக்டரா என்று கத்தினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"ஓடற மிஷின்ல கை வெக்கக் கூடாது புள்ள. நல்லா ஓடீட்டு இருக்கறப்ப ஊசியை மாத்தறேன், அதை மாத்தறேன்னு போனா துணியில கோடு விழுந்துரும். நின்னாப் பாத்துக்கலாம்."

செட்டில் அதுதான் அவர் வேதம். புதிதாக வருகிற ஃபிட்டர்கள் நோண்டிக்கொண்டே இருப்பார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மிஷின் நின்ற பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். முதலாளிக்கு அதனாலேயே இவரைப் பிடிக்கும். மிஷின் நின்றால் ஊசியை மாற்றலாம், எண்ணெய் விடலாம், திரும்ப ஓட்டலாம். கை நின்றால் எந்த ஸ்பேனரை வைத்து ஓட்டுவது? இதைக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

பிறகு அப்படியே போயிற்று. வலி இல்லாமல் வந்தார், சிரித்துக்கொண்டு வந்தார். நெல்லிக்காய் இரண்டும் எலுமிச்சம்பழமாயின. டெக்னீசியன் ஒவ்வொரு தரமும் சொல்லிப் பார்த்தார். ஆகட்டுங்க, அடுத்த வாரம் பார்க்கலாமுங்க என்று இவர் மரியாதையாகவே தள்ளிப் போட்டார். எங்கள் ஆட்களுக்கு முடியாது என்று சொல்ல வராது. ஆகட்டுங்க என்பதற்கு முடியாது என்று அர்த்தம் என அந்தப் பாவப்பட்ட மனுசருக்கும் தெரியும், அவரும் அதே மண்தானே.

அந்த மாதத்து ஷட்டவுன் நாள். பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெரிய கம்பெனிகளில் ஜெனரேட்டர் போடுவார்கள். எங்கள் செட்டில் போடுகிற அளவுக்கு ஆர்டர் இல்லை. எனக்கும் அன்று வேலை இல்லை, வீட்டில் இருந்தேன். இவர் காலையில் வழக்கம்போல் கட்டிலில் படுத்தபடி கையைத் தொட்டுப் பார்த்து, ஓடுது என்றார். நான் டீ வைத்தேன். இட்லி சாப்பிட்டார். திரும்பப் போய்ப் படுத்து, இடது கையை வலது கை மேல் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தச் சத்தம் எங்களுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பது, நின்றால்தான் இருந்ததே தெரியும். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து இவர் கூப்பிட்டார். சத்தமாகக் கூடக் கூப்பிடவில்லை.

"ஏம்புள்ள. இங்க வா. கை நின்னுபோச்சு."

ஓடிப் போய்த் தொட்டேன். ஒன்றுமில்லை. காதை வைத்தேன். ஒன்றுமில்லை. வெறும் கை. புடைத்த இடம் இரண்டும் கல் மாதிரி கெட்டியாக இருந்தன.

எனக்கு முதலில் புரியவில்லை, இப்போதுதான் நின்றது என்றே நினைத்தேன். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. கட்டில் இரும்புக் கட்டில், செட்டின் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. சுவரின் அதிர்வு கட்டிலில் வரும், கட்டிலில் படுத்தவர் உடம்பிலும் வரும். இவர் காலையில் தொட்டுப் பார்த்தது கை ஓடியதை இல்லை, செட்டு ஓடியதை. எப்போது நின்றது? நேற்றா, முந்தாநாளா? யாருக்குத் தெரியும்? ஒரு மிஷினில் ஒரு ஊசி முறிந்தால் தள்ளி நின்றே கண்டுபிடித்த மனுசன், தன் கையையும் பக்கத்துச் சுவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் படுத்துக் கிடந்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை, அந்தச் சுவரையே பார்த்தார்.

ஆட்டோ பிடித்துப் போனோம். வழியெல்லாம் அந்தக் கையை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே போனேன், தேய்த்தால் ஓடிவிடும் என்கிற மாதிரி. டெக்னீசியன் ஸ்கேன் கட்டையை வைத்தார். முன்பு எனக்குக் காட்டிய கறுப்பு வட்டம் இல்லை. உள்ளே முழுக்கச் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. வழக்கமாகக் குத்துகிற இடத்துக்குச் சற்று மேலே குழாய் சுருங்கி நூல் மாதிரி இருந்தது. அவர் விரலை வைத்துக் காட்டினார். டாக்டர் வந்து பார்த்தார். நின்ற உடனே வந்திருந்தால் கட்டியை எடுத்துப் பார்த்திருக்கலாம், இது உறைந்து நாளாகிவிட்டது, குழாயும் மோசம் என்று சொன்னார். சிஸ்டர் மருந்து வண்டிக்குப் பின்னால் நின்று அழுதாள். இவர் அவளைக் கூப்பிட்டு, நீ என்ன கண்ணு செய்வாய், நான்தானே கேட்டேன் என்றார். அந்த நிலையிலும் சமாதானம் சொல்கிறார், பாருங்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. சிஸ்டர் மேல் வந்தது சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

அன்றைக்கே கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதே ஸ்கேன் கட்டையை வைத்துப் பார்த்துத்தான் குத்தினார்கள். டாக்டர் வெளியே வந்து, ஒரே குத்தில் சரியாகப் போய்விட்டது என்று சொன்னார். நல்லதுங்க என்றேன். வேறென்ன சொல்ல? ஊசி சரியான இடத்தில் போவதற்கு ஆளும் இருந்தார், மிஷினும் இருந்தது. சரியான கைதான் இல்லை.

கழுத்துக் குழாயில் சீழ் பிடித்தது. டயாலிசிஸ் ஆரம்பித்த உடனே குளிர் தூக்கிப் போடும், மூன்று போர்வை போர்த்தினாலும் கட்டில் ஆடும். எடுத்துவிட்டு மறுபக்கம் வைத்தார்கள். அதுவும் இப்போது சரியாக இழுக்கவில்லை. அடுத்தது தொடையில்தான் என்கிறார்கள். அதற்கு அடுத்தது எங்கே என்று நான் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. இவர் வலி என்று இப்போது சொல்வதே இல்லை. எங்கே வேண்டுமானாலும் குத்துங்கள் என்று உடம்பைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். இந்தப் புத்தி அன்றைக்கு வந்திருந்தால் என்று எனக்கு வாய்வரை வரும். முழுங்கிக்கொள்வேன்.

கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டுவிட்டேன். சின்ன அறை, நடுவில் கிடக்கிறது. சுற்றித்தான் நடக்க வேண்டும். காலையில் கையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவருக்குப் போகவில்லை. தொடுவார், எடுத்துக்கொள்வார். நானும் பார்க்காத மாதிரி டீ வைக்கப் போய்விடுவேன்.

இந்த மாதமும் ஷட்டவுன் வந்தது. நான் கம்பெனிக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் அடங்கியது. இவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து, கழுத்துக் குழாயில் படாமல், தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"இது ஓடுதா பாரு."

ஓடியது. பக்கத்தில் ஒரு மிஷினும் ஓடாததால் நன்றாகவே தெரிந்தது.

"ஓடுதுங்க மாமா" என்றேன்.

"இது மட்டும் எதுக்குப் புள்ள ஓடுது?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நின்ற மிஷின்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஓடினால் ஒரு ஃபிட்டர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். ஐந்து மணிக்கு மேல்தான் கரண்ட் வந்தது.